எஸ்டிஎஸ்: இரண்டு மாதத்துக்குள் அடங்குகிற ஆராய்ச்சியை எழுதுவது எப்படி

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐசிஎம்ஆர் மாணவர்களுக்குத் தரும் எஸ்டிஎஸ் ஆராய்ச்சி உதவித்தொகையின் அறிவிப்பு வந்த அன்றைக்கே எம்பிபிஎஸ் வாட்ஸ்அப் குழுக்களில் "டாபிக் ஏதாவது இருக்கா?" என்ற கேள்வி ஓட ஆரம்பித்துவிடும். கடைசி தேதிக்குப் பத்து நாள் இருக்கும்போது கைடு, அதாவது ஆய்வை வழிநடத்தும் ஆசிரியரைத் தேடுவார்கள். ஐந்து நாள் இருக்கும்போது தலைப்பு கிடைக்கும். கடைசி ராத்திரி ப்ரொபோசல் என்கிற ஆய்வுத் திட்டம் எழுதப்படும். இப்படி எழுதியும் சிலருக்குக் கிடைத்துவிடுகிறது. வேடிக்கை என்னவென்றால், அவர்களுக்குக் கஷ்டம் தொடங்குவதே கிடைத்த பிறகுதான். எழுதிக்கொடுத்தது இரண்டு மாதத்தில் முடிகிற வேலையே இல்லை என்பது அப்போதுதான் தெரியவரும்.

முதலில் அடிப்படை. எஸ்டிஎஸ் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் எம்பிபிஎஸ், பிடிஎஸ் மாணவர்களுக்காக 1979 முதல் நடத்திவரும் குறுகிய கால உதவித்தொகைத் திட்டம். இரண்டு மாத ஆராய்ச்சி. ஒரு மாணவருக்கு ஒரு கைடு. ஒரு கைடு ஓர் ஆண்டில் ஒரே ஒரு மாணவரைத்தான் எடுக்கலாம். உதவித்தொகை சமீப ஆண்டுகளில் மாதம் 25,000 வீதம் மொத்தம் 50,000 ரூபாய். அது அறிக்கை ஏற்கப்பட்ட பிறகுதான் கைக்கு வரும். இன்டர்ன்களுக்கும் முதுநிலை மாணவர்களுக்கும் இடமில்லை. இறுதியாண்டுக்குள் நுழைகிறவர்கள் அந்த ஆண்டு அறிவிப்பில் உள்ள தகுதி வரியை இரண்டு முறை படித்துவிடுங்கள். தேதிகள் ஆண்டுக்கு ஆண்டு நகரும். சீனியர் சொன்ன மாதத்தை நம்பி உட்கார்ந்திருக்க வேண்டாம்.

அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளில் முதலாண்டு முடிந்து இரண்டாமாண்டு தொடங்குவதற்கு முன் ஒரு நீண்ட கோடை விடுமுறை வரும். அங்குள்ள கோடைகால ஆராய்ச்சித் திட்டங்கள் பெரும்பாலும் அந்த எட்டுப் பத்து வாரத்துக்காகவே அமைந்தவை. காலையில் லேபுக்குப் போனால் மாலையில்தான் வெளியே வருவார்கள். நம்முடைய எம்பிபிஎஸ்ஸில் அப்படிப்பட்ட வெற்றுக் கோடை கிடையாது. எஸ்டிஎஸ் மாதங்களிலும் வகுப்பு உண்டு, போஸ்டிங் என்கிற வார்டுப் பயிற்சி உண்டு, இன்டர்னல் தேர்வு உண்டு, அட்டெண்டன்ஸும் உண்டு. அதனால் இந்தத் திட்டத்தை இரண்டு மாத வேலையாக நினைக்காதீர்கள். ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரம் வீதம், சுமார் ஐம்பது நாள். கையில் இருக்கும் நேரம் அவ்வளவுதான். கேள்வியை அதற்குள் வெட்டித் தைக்க வேண்டும்.

அந்த இரண்டு மணி நேரம் எப்போது கிடைக்கும் என்பதும் முக்கியம். பெரும்பாலான கல்லூரிகளில் ஓ.பி. நடப்பது காலையில். அதே நேரத்தில்தான் உங்களுக்கும் கிளினிக்கல் போஸ்டிங், அதுவும் வேறு துறையில். "சர்க்கரை நோய் ஓ.பி.க்கு வரும் நோயாளிகள்" என்று ப்ரொபோசலில் எழுதுபவர்கள், அந்த ஓ.பி. வாரத்தில் எந்த நாள், எத்தனை மணி வரை, அப்போது தாங்கள் எங்கே இருப்போம் என்று பார்ப்பதே இல்லை. வகுப்பு முடிந்த பிறகு உங்களுக்குக் கிடைக்கக்கூடியவர்கள் யார்? வார்டில் படுத்திருக்கும் நோயாளிகள், அவர்களோடு இருக்கும் அட்டெண்டர்கள், மெடிக்கல் ரெக்கார்ட்ஸில் உள்ள கேஸ் ஷீட்டுகள், மைக்ரோபயாலஜி லேபில் அன்றைக்கு வளர்ந்த கிருமிக் கல்ச்சர்கள், சமூக மருத்துவத் துறையின் களப் பகுதியில் சாயங்காலம் வீட்டில் இருக்கும் மக்கள். இந்தப் பட்டியலிலிருந்து கேள்விக்குப் போங்கள். கேள்வியை முதலில் முடிவு செய்துவிட்டு ஆளைத் தேடுவது எஸ்டிஎஸ்ஸுக்கு ஒத்துவராது.

எதைத் தொடக்கூடாது

மருந்து கொடுத்துப் பார்க்கும் ஆய்வு வேண்டவே வேண்டாம். ஆய்வுக்கு அனுமதி தரும் நெறிமுறைக் குழுவான எத்திக்ஸ் கமிட்டியில் முழு விவாதம், முதல் நபரைச் சேர்ப்பதற்கு முன்பே இந்திய மருத்துவச் சோதனைகளுக்கான சிடிஆர்ஐ பதிவேட்டில் பதிவு, அந்தப் பதிவில் வரும் கேள்விகளுக்குப் பதில் என்று வாரக்கணக்கில் இழுக்கும். மூன்று மாதம் கழித்து மறுபடி பார்க்கும் ஃபாலோ-அப் ஆய்வும் கணக்கிலேயே இடிக்கும். அரிய நோய்களும் அப்படித்தான். கைடு "நம்ம வார்டில் நிறைய வரும்" என்பார். கடந்த ஆண்டு அதே இரண்டு மாதத்தின் அட்மிஷன் ரிஜிஸ்டரை எடுத்து எண்ணிப் பாருங்கள், "நிறைய" என்பது பதினொன்றாக இருக்கும்.

எலைசா என்ற லேப் பரிசோதனைக்கான கிட் வாங்கிச் செய்கிற ஆய்வுகளுக்கு ஒரு தனி எச்சரிக்கை. பிளேட்டில் 96 குழி இருப்பதால் 96 நோயாளி என்று கணக்குப் போட்டுவிடுகிறார்கள். ஒப்பிடுவதற்காக வைக்கும் ஸ்டாண்டர்டுகளும் சாம்பிள் இல்லாத பிளாங்கும் சேர்த்து எட்டு, ஒவ்வொன்றும் இரண்டு முறை என்றால் 16 குழி போய்விடும். மீதி 80. நோயாளியின் சாம்பிளையும் இரண்டு முறை ஓட்டினால் ஒரு கிட்டில் 40 பேர்தான் அடங்குவார்கள். 80 பேர் வேண்டுமென்றால் இரண்டு கிட். இந்தச் செலவுக்கு எஸ்டிஎஸ்ஸில் தனிப்பணம் கிடையாது, உதவித்தொகையும் எல்லாம் முடிந்த பிறகுதான் வரும். துறையில் ஏற்கெனவே கிட் இருந்தால், அல்லது நோயாளிக்கு வழக்கமாகச் செய்யும் பரிசோதனையே போதும் என்றால் மட்டும் லேப் பக்கம் போங்கள்.

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம்

வார்டு அட்டெண்டர்களிடம் சர்க்கரை நோய் அபாயம் எவ்வளவு என்று பார்ப்பது. மெட்ராஸ் டயபடிஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷன், சென்னையில் நடத்திய க்யூர்ஸ் ஆய்விலிருந்து 2005-இல் வெளியிட்ட ஐடிஆர்எஸ் என்ற மதிப்பெண் முறை இருக்கிறது. நான்கே கேள்வி, ஊசி கிடையாது. வயது 35-க்குக் கீழே என்றால் 0, 35 முதல் 49 வரை 20, ஐம்பதும் அதற்கு மேலும் 30. இடுப்புச் சுற்றளவு பெண்களுக்கு 80 சென்டிமீட்டருக்குள்ளும் ஆண்களுக்கு 90-க்குள்ளும் இருந்தால் 0, அடுத்த பத்து சென்டிமீட்டருக்கு 10, அதற்கும் மேல் 20. உடற்பயிற்சியும் கடும் உடலுழைப்பும் இரண்டும் இருந்தால் 0, ஏதாவது ஒன்று இருந்தால் 20, இரண்டும் இல்லையென்றால் 30. பெற்றோர் இருவருக்கும் சர்க்கரை இல்லையென்றால் 0, ஒருவருக்கு என்றால் 10, இருவருக்கும் என்றால் 20. மொத்தம் 100. அறுபதும் அதற்கு மேலும் அதிக அபாயம்.

"இது அரைத்த மாவு" என்று கைடு சொல்லலாம். சொன்னால் அது நியாயம்தான், ஐடிஆர்எஸ் வைத்து எண்ணற்ற ஆய்வுகள் வந்துவிட்டன. ஆனால் ஒரு படி நகர்த்தலாம்: அறுபதுக்கு மேல் வந்தவர்களில் எத்தனை பேருக்குக் கடந்த ஓராண்டில் ஒருமுறையாவது சர்க்கரை பார்த்திருக்கிறார்கள்? முப்பது வயதைத் தாண்டியவர்களுக்குச் சர்க்கரை, ரத்த அழுத்தம் பார்ப்பது தேசியத் திட்டத்தில் இருக்கிறது. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டிலிருந்து மக்களைத் தேடி மருத்துவமும் வீட்டுக்கே வருகிறது. அது எட்டாமல் நிற்பவர்கள் யார் என்று கேட்டால் பழைய கருவியே புதுக் கேள்விக்குப் பதில் சொல்லும். எஸ்டிஎஸ்ஸுக்கு இந்த அளவு புதுமை போதும். உலகத்தில் யாரும் செய்யாததைத் தேடுவதைவிட, சொன்னதை முடிக்க முடியும் என்று காட்டுவதற்குத்தான் இங்கே மதிப்பு என்பது என் கருத்து.

இப்போது சாம்பிள் சைஸ், அதாவது எத்தனை பேரைச் சேர்ப்பது. முந்தைய ஆய்வு ஒன்றில் அதிக அபாயம் உள்ளவர்கள் 40 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். வழக்கமான சூத்திரம் 4pq/d². p என்பது அந்த 40, q என்பது மீதி 60, d என்பது விடை எவ்வளவு கூடவோ குறையவோ இருக்கலாம் என்கிற துல்லியம். ஆக மேலே 9600. துல்லியம் 5 சதவீதம் வேண்டுமென்றால் 25-ஆல் வகுக்க 384 பேர். 7 சதவீதம் போதும் என்றால் 49-ஆல் வகுக்க 196. 10 சதவீதம் என்றால் 96. பத்துப் பேரில் ஒருவர் மறுப்பார் என்று எடுத்துக்கொண்டு ஒவ்வொன்றையும் 0.9-ஆல் வகுத்தால் முறையே 427, 218, 107. பைலட் என்கிற முன்னோட்டம், அனாலிசிஸ் எல்லாம் போக டேட்டா சேகரிக்கக் கிடைப்பது ஐந்து வாரம், வாரத்துக்கு ஆறு நாள், ஆக முப்பது நாள். 427 என்றால் நாளுக்குப் பதினைந்து பேர். ஒருவருக்குச் சம்மதம் வாங்கி, கேட்டு, அளந்து முடிக்கக் கால் மணி நேரம் என்றால் நாளுக்கு மூன்றே முக்கால் மணி நேரம். நடக்காது. 218 என்றால் எட்டுப் பேர், இரண்டு மணி நேரம். சரியாக உட்காருகிறது. 107 என்றால் நாளுக்கு நான்கு பேர், கொஞ்சம் மூச்சு விடலாம், ஆனால் விடை "30-க்கும் 50-க்கும் நடுவில் எங்கோ" என்றுதான் வரும். நான் 218-ஐத்தான் எடுப்பேன்.

துல்லியம் என்று சொல்லும்போது அது எந்தத் துல்லியம் என்பதையும் எழுத வேண்டும். "20 சதவீதத் துல்லியம்" என்றால் சிலர் 40-இல் 20 சதவீதம், அதாவது 8 என்று எடுத்து 150 பேர் என்பார்கள். அது தவறில்லை. எதன் சதவீதம் என்று சொல்லாமல் விட்டால் மதிப்பீட்டாளர் கணக்கைப் போட்டுப் பார்ப்பார், விடை ஒத்துவராது, அங்கேயே மதிப்பெண் போகும்.

யாரைச் சேர்ப்பது என்பதில்தான் இந்த ஆய்வின் பொறி ஒளிந்திருக்கிறது. மெடிசின் வார்டில் போய் அட்டெண்டர்களைப் பிடித்தால் அவர்களில் பலர் சர்க்கரை நோயாளியின் மகனோ மகளோவாக இருப்பார்கள். பெற்றோருக்குச் சர்க்கரை என்பதற்கு ஐடிஆர்எஸ்ஸிலேயே மதிப்பெண் இருக்கிறது. ஆக உங்கள் சதவீதம் ஊர் நிலவரத்தைவிட ஏறித்தான் வரும். சர்ஜரிக்குப் போனால் அங்கேயும் கால் புண்ணோடு சர்க்கரை நோயாளிகள். எலும்பு முறிவு வார்டு கொஞ்சம் தேவலை. எந்த வார்டாக இருந்தாலும் அட்டெண்டருக்கும் நோயாளிக்கும் என்ன உறவு, நோயாளிக்குச் சர்க்கரை உண்டா என்று இரண்டு கேள்வி சேர்த்துக்கொண்டால் பின்னால் பிரித்துப் பார்க்கலாம். இந்த இரண்டு வரி ப்ரொபோசலில் இருந்தால், எழுதியவர் யோசித்திருக்கிறார் என்று படிக்கிறவருக்குத் தெரிந்துவிடும்.

படுக்கைக்கு ஒருவர்தான். எந்தப் படுக்கை என்பதை முன்கூட்டியே விதியாக வையுங்கள், மூன்றாவது படுக்கைக்கு ஒன்று என்பதுபோல. சிரித்த முகமாக இருப்பவரிடம் போவது சாம்பிளிங் ஆகாது.

கைடிடம் போகும்போது

ஒரு கைடுக்கு ஒரே மாணவர் என்பதால் பெயர் பெற்றவர்கள் அறிவிப்புக்கு முன்பே யாரோ ஒருவருக்கு ஒப்புக்கொண்டுவிடுவார்கள். இரண்டு மூன்று மாதம் முந்திப் போங்கள். "சார், எஸ்டிஎஸ் பண்ணணும், டாபிக் கொடுங்க" என்று நின்றால், அவருக்கு வெகுநாளாகச் செய்ய ஆசையாக இருந்து நேரமில்லாமல் விட்ட பெரிய வேலை ஒன்று உங்கள் தலையில் விழும். ஒரு பக்கத்தில் கேள்வி, யாரிடம், எத்தனை பேர், எந்த நேரத்தில் என்று எழுதிக்கொண்டு போனால் பேச்சு அந்தப் பக்கத்தைச் சுற்றியே நடக்கும். துறையைப் பொறுத்தவரை சமூக மருத்துவம், மைக்ரோபயாலஜி, ஃபார்மகாலஜி, ஃபிசியாலஜி ஆசிரியர்களுக்குப் பொதுவாக உட்கார்ந்து திருத்த நேரம் இருக்கும். அரசுக் கல்லூரி என்றால் அவர் இடமாறுதல் கலந்தாய்வில் இருக்கிறாரா என்று நாசூக்காகத் தெரிந்துகொள்வது நல்லது. பாதியில் கைடு வேறு ஊருக்குப் போனால் கையெழுத்துக்காகப் பஸ் ஏற வேண்டிவரும்.

ப்ரொபோசலில் மாணவர் பெயர், கைடு பெயர், கல்லூரி பெயர் எதுவும் தெரியக்கூடாது. இது எல்லோருக்கும் தெரியும், இருந்தும் சறுக்குகிறார்கள். சறுக்குவது ஓரங்களில்: சம்மதப் படிவத்தின் தலைப்பில் கல்லூரி லோகோ, "எங்கள் துறையின் முந்தைய ஆய்வில்" என்று எழுதிக் கைடின் கட்டுரையையே சான்றாகக் கொடுப்பது, களப் பகுதியின் ஊர்ப் பெயர், ஃபைல் பெயரில் தன் பெயர். "ஒரு மூன்றாம் நிலை மருத்துவமனை" என்பதோடு நிறுத்துங்கள். அனுப்புவதற்கு முன் பிடிஎஃப்பில் கல்லூரிப் பெயரையும் ஊர்ப் பெயரையும் தேடிப் பாருங்கள்.

நோக்கம் இரண்டு போதும். "மதிப்பிடுதல்", "ஒப்பிடுதல்" என்று அளக்கக்கூடிய வினையாக இருக்கட்டும், "விழிப்புணர்வை மேம்படுத்துதல்" என்பது உங்கள் இரண்டு மாதத்தில் நடக்காது. முன்னுரையில் சர்க்கரை நோயின் உலக வரலாறு வேண்டாம். செய்முறைக்குத்தான் அதிக இடம் கொடுத்திருக்கிறார்கள், மதிப்பீட்டாளர் உண்மையில் படிப்பதும் அதைத்தான்.

எத்திக்ஸ் கமிட்டி

எஸ்டிஎஸ்கள் அதிகமாகச் செத்துப்போவது இங்கேதான். விண்ணப்பிக்கும்போது எத்திக்ஸ் அனுமதி கையில் இருக்க வேண்டியதில்லை என்பதைக் கேட்டுவிட்டு, "செலக்ட் ஆனதும் பார்த்துக்கலாம்" என்று இருந்துவிடுகிறார்கள். கமிட்டி மாதம் ஒருமுறை கூடும், சில இடங்களில் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான். கூட்டத்துக்கு இரண்டு வாரம் முன்பே அஜெண்டா மூடிவிடும். திருத்தம் சொல்வார்கள், திருத்திக் கொடுத்தால் கடிதம் வர இன்னும் பத்து நாள். அனுமதி வருவதற்கு முன் ஒரே ஒருவரிடம் டேட்டா எடுத்தாலும் அது செல்லாது, பின்தேதியிட்ட அனுமதி என்று ஒன்று கிடையாது. அறிக்கையோடு இணைக்கும் கடிதத்தின் தேதியையும் நீங்கள் டேட்டா எடுக்கத் தொடங்கிய தேதியையும் ஒப்பிட்டுப் பார்ப்பது சரிபார்க்கிறவருக்கு ஒரு நிமிட வேலை. ஆகவே ஐசிஎம்ஆருக்கு அனுப்பிய அதே வாரம் கமிட்டிக்கும் கொடுத்துவிடுங்கள். கமிட்டி மத்திய சுகாதார ஆராய்ச்சித் துறையில் பதிவானதா என்பதையும் உறுப்பினர் செயலரிடம் கேட்டு, பதிவு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

தமிழில் எழுதும் தகவல் தாள்தான் பெரும்பாலும் திருப்பி அனுப்பப்படும். ஆங்கிலத்தை வைத்து வரிக்கு வரி மாற்றியதுபோல, "இவ்வாய்வில் தாங்கள் தன்னிச்சையாகப் பங்கேற்பதனால் ஏற்படும் இடர்கள்" என்று அரசிதழ் நடையில் இருக்கும். வார்டில் தரையில் பாய் விரித்து உட்கார்ந்திருக்கும் அம்மாவுக்குப் புரிய வேண்டும். "உங்கள் இடுப்பை டேப்பால் அளப்போம். ரத்தம் எடுக்க மாட்டோம். வேண்டாம் என்று சொன்னாலும் உங்கள் வீட்டுக்காரருக்குக் கொடுக்கும் வைத்தியத்தில் எந்தக் குறையும் வராது." இந்த மூன்றாவது வாக்கியம் வார்டு ஆய்வுகளுக்கு உயிர். மறுத்தால் டாக்டர் கோபித்துக்கொள்வார் என்ற பயத்தில் தருகிற சம்மதம் சம்மதமாகாது. கைநாட்டு வைப்பவர்களுக்கு ஆய்வுக் குழுவைச் சேராத, எழுதப் படிக்கத் தெரிந்த ஒரு சாட்சி வேண்டும், அடுத்த படுக்கை அட்டெண்டர் போதும். அறுபதுக்கு மேல் மதிப்பெண் வந்தவரை என்ன செய்வீர்கள் என்று கமிட்டி கட்டாயம் கேட்கும். தொற்றா நோய்ப் பிரிவுக்கு ஒரு பரிந்துரைச் சீட்டு அச்சடித்து இணைத்துவிட்டால் அந்தக் கேள்வி எழாது.

சக மாணவர்களிடம் மன அழுத்தம் கேட்கும் ஆய்வுகளைப் பற்றி ஒரு வார்த்தை. சுலபம் என்று நினைத்து நிறையப் பேர் இதைத்தான் எடுக்கிறார்கள். மனச்சோர்வை அளக்கும் பிஎச்க்யூ-9 கேள்வித்தாள் என்றால் ஒன்பதாவது கேள்வி தற்கொலை எண்ணம் பற்றியது. கூகுள் ஃபாரத்தில் பெயரில்லாமல் ஒருவர் "கிட்டத்தட்ட தினமும்" என்று குறித்தால் நீங்கள் யாரைத் தேடிப் போவீர்கள்? பெயர் வாங்கினால் ரகசியம் போச்சு, வாங்காவிட்டால் உதவ வழியில்லை. இதற்கு விடை இல்லாமல் அந்த ஆய்வைத் தொடவே கூடாது. உதவி எண்ணும் மனநலத் துறைத் தொடர்பும் படிவத்திலேயே இருக்க வேண்டும், யாரிடம் போவது என்பதை முன்பே பேசி வைத்திருக்க வேண்டும். தேர்வில் மதிப்பெண் போடுகிற ஆசிரியர் வகுப்பில் நின்று படிவம் கொடுப்பதும் சரியில்லை.

வார்டுக்குள்

முதல் பத்துப் பேர் பைலட். அவர்கள் கணக்கில் சேர மாட்டார்கள். எந்தக் கேள்வி தடுக்குகிறது என்பது இந்தப் பத்தில் தெரிந்துவிடும்.

இடுப்பு அளவில் தடுக்கும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பு எலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவே, மூச்சு விட்டு முடிக்கும் நேரத்தில், டேப் தரைக்கு இணையாக இருக்க வேண்டும். சேலைக் கொசுவத்தின் மேல் வைத்து அளந்தால் பல சென்டிமீட்டர் கூடும். 80-க்கும் 90-க்கும் மதிப்பெண் மாறுகிற கருவியில் அது சின்னத் தப்பு இல்லை. மறைப்பு வேண்டும், பெண்களை அளப்பவர் பெண்ணாக இருக்க வேண்டும். ஆண் மாணவர் என்றால் யார் அளப்பது என்பதைப் ப்ரொபோசலிலேயே எழுதுங்கள். தையல் கடைத் துணி டேப் நாளடைவில் நீண்டுவிடும், நீளாத டேப் வாங்குங்கள். இரண்டு முறை அளந்து சராசரி.

உடலுழைப்புக் கேள்வியிலும் தடுக்கும். "உடற்பயிற்சி செய்வீங்களா?" என்று கேட்டால் "அதெல்லாம் இல்லீங்க" என்று சொல்வார், காலையில் களை எடுத்துவிட்டு மதியம் நூறு நாள் வேலைக்குப் போகிற அம்மா. நீங்கள் 30 என்று எழுதிவிடுவீர்கள். அவருக்கு வர வேண்டியது 20. முதலில் என்ன வேலை, அதில் எவ்வளவு நேரம் குனிந்து நிமிர்ந்து சுமந்து செய்கிறார் என்று கேளுங்கள், உடற்பயிற்சியைப் பிறகு கேளுங்கள். பெற்றோரைப் பற்றிக் கேட்டால் "அந்தக் காலத்துல யாரு சுகர் பார்த்தா?" என்று பதில் வரும். ஐடிஆர்எஸ்ஸில் "தெரியாது" என்ற கட்டம் கிடையாது. அதை 0 என்று எடுக்கப்போகிறீர்களா, அந்த நபரை விடப்போகிறீர்களா என்பதைத் தொடங்கும் முன்பே கைடோடு பேசி எழுதிவைத்துவிடுங்கள். நூறு பேர் முடிந்த பிறகு முடிவெடுத்தால் உங்களுக்குப் பிடித்த விடை பக்கம் கை போகும்.

டேட்டாவை அன்றன்றே எக்செல்லில் ஏற்றுங்கள். ஒரு வரி ஒரு நபர், ஒரு நெடுவரிசை ஒரு தகவல். வயதுக் கட்டத்தில் 45 என்று மட்டும் இருக்கட்டும், "45 வயது" என்று எழுதினால் மென்பொருள் அதை எழுத்தாகத்தான் எடுக்கும். பெயர் வேண்டாம், எண் போதும். விடுபட்டதைக் காலியாக விடுங்கள். இந்தக் கருவியில் 0 என்பது உண்மையான மதிப்பெண், காலியிடத்துக்கு 0 போட்டால் அபாயம் குறைந்து தெரியும். ரத்த அழுத்தம் அளக்கும் ஆய்வு என்றால் வாரக் கடைசியில் கடைசி இலக்கத்தைப் பாருங்கள். எல்லாமே 120/80, 130/90 என்று பூஜ்ஜியத்தில் முடிந்தால் யாரோ சத்தத்தைக் காதால் சரியாகக் கேட்காமல் கண் மதிப்பில் எழுதியிருக்கிறார்கள்.

அட்டவணைகளை டேட்டா வருவதற்கு முன்பே எண் இல்லாமல் போட்டு வைத்தால் கடைசி வாரம் பிழைத்தீர்கள். முக்கிய விடை ஒரு சதவீதமும் அதன் 95 சதவீத நம்பக இடைவெளியும், அதாவது உண்மையான சதவீதம் அநேகமாக எந்த எல்லைக்குள் இருக்கும் என்பதும். 218-இல் 87 பேர் என்று வந்தால் 39.9 சதவீதம், இடைவெளி 33.4 முதல் 46.4 வரை. பிறகு ஆண் பெண், வார்டு, உறவு என்று மூன்று நான்கு ஒப்பீடு. எதிர்பார்ப்பு எண்ணிக்கை ஐந்துக்குக் கீழே போகிற கட்டங்களில் கை-ஸ்கொயர் என்ற ஒப்பீட்டுச் சோதனை வேண்டாம், ஃபிஷர் சோதனை. முப்பது ஒப்பீடு செய்து அதில் p மதிப்பு 0.05-க்குக் கீழே வந்த, அதாவது தற்செயல் இல்லை என்று தோன்றுகிற இரண்டை மட்டும் எழுதுவது எல்லோருக்கும் தெரிந்த வித்தை, அதனால் படிக்கிறவருக்கும் தெரியும். ஜமோவி என்ற புள்ளியியல் மென்பொருள் இலவசம், இந்த அளவு வேலைக்கு எஸ்பிஎஸ்எஸ் தேடி அலைய வேண்டியதில்லை. புள்ளியியல் அறவே பிடிபடவில்லை என்றால், சென்னை ஐசிஎம்ஆர் தேசியத் தொற்றுநோயியல் நிறுவனத்தின் ஆன்லைன் ஆராய்ச்சி முறைப் பாடத்தை ப்ரொபோசல் எழுதும் முன்பே முடித்துவிடுங்கள்.

அறிக்கை

ப்ரொபோசலை வெட்டி ஒட்டுவதில் வரும் தவறு ஒன்று எப்போதும் கண்ணில் படும்: செய்முறைப் பகுதியில் "சேகரிக்கப்படும்", "அளக்கப்படும்" என்று எதிர்காலம் அப்படியே நிற்கும். வேலை நடந்ததா என்ற சந்தேகத்துக்கு நீங்களே விதை போட்ட மாதிரி. 218-க்குப் பதில் 181 பேர்தான் கிடைத்தார்கள் என்றால் 181 என்றே எழுதி, ஏன் என்று ஒரு வரி போடுங்கள். வார்டு மராமத்து, தேர்வு, மறுத்தவர்கள் எண்ணிக்கை, எதுவானாலும் சரி. எண்ணை நிரப்புவதற்காக ஹாஸ்டலில் உட்கார்ந்து உருவாக்கிய 37 பேர் அட்டவணையில் எப்படியும் துருத்திக்கொண்டு தெரிவார்கள். நோக்கத்தை மட்டும் பாதியில் மாற்றாதீர்கள். மற்ற ஆய்வுகளிலிருந்து எடுத்த பகுதிகளைச் சொந்த வாக்கியத்தில் எழுதுங்கள், பிறர் எழுத்தோடு ஒத்துப்போவதைப் பிடிக்கும் சோதனையில் அதிகம் மாட்டுவது முன்னுரைதான்.

பெயர் விஷயத்தில் நம் ஊருக்கென்றே ஒரு தொல்லை. ஆதாரில் இனிஷியல் முன்னால், பாஸ்புக்கில் பின்னால், பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் அப்பா பெயர் முழுதாக இருக்கும். சான்றிதழுக்கும் பணத்துக்கும் நீங்கள் விண்ணப்பத்தில் கொடுத்த பெயர்தான் ஆதாரம். வங்கிக் கணக்கில் உள்ளபடியே விண்ணப்பியுங்கள். கல்லூரியில் சேர்ந்தபோது திறந்து பிறகு தொடாமல் விட்ட கணக்கு உயிரோடு இருக்கிறதா என்றும் பாருங்கள்.

கட்டுரையாக வெளியிடுவதாக இருந்தால் எழுதியவர்களின் பெயர் வரிசையைத் தொடக்கத்திலேயே பேசிவிடுங்கள். கேட்கக் கூச்சமாகத்தான் இருக்கும். கேள்வியை உருவாக்கி, டேட்டா எடுத்து, முதல் வரைவு எழுதியவர் மாணவர் என்றால் முதல் பெயர் அவருடையது, ஜர்னலோடு கடிதத் தொடர்பு வைப்பவர் கைடு. வேலை எதுவும் செய்யாத நான்காவது பெயரைச் சேர்க்கச் சொன்னால் ஜர்னல்கள் கேட்கும் பங்களிப்புப் படிவத்தை அவரிடமே கொடுத்து நிரப்பித் தரச் சொல்லலாம். மூன்று நாளில் ஏற்றுக்கொள்கிறோம், பணம் மட்டும் கட்டுங்கள் என்று மெயில் அனுப்பும் ஜர்னல்களுக்குப் பதில் கூடப் போட வேண்டாம்.

தேர்வாகவில்லை என்றாலும் எத்திக்ஸ் அனுமதி வந்துவிட்டதென்றால் ஆய்வைச் செய்ய எந்தத் தடையும் இல்லை. மேலே சொன்ன உதாரணத்துக்கு ஆகும் செலவு இரண்டு டேப், ஜெராக்ஸ், பேனா. இதில் இன்னொரு வசதியும் உண்டு: ஐசிஎம்ஆரின் கடைசி தேதி துரத்தாது, தேர்வு முடிந்த பிறகு தொடங்கலாம். கமிட்டியின் அனுமதிக் கடிதத்தில் செல்லுபடிக் காலம் போட்டிருப்பார்கள், அதற்குள் முடித்துவிடுங்கள், முடியாதென்றால் அது காலாவதியாகும் முன்பே நீட்டிப்புக்கு எழுதிக்கொடுங்கள்.